எதோடு ஒப்பிட்டு?

திருச்சி தென்னூர் உழவர் சந்தையில் பொழுது விடியும்போதே அன்றைய விலைகளைப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்தச் சந்தையின் விலையை அதிகாலையிலேயே விசாரித்து, அதற்கு மேல் 20 சதவீதம் வரை சேர்த்து, வெளிக்கடையின் சில்லறை விலைக்குச் சுமார் 15 சதவீதம் குறைவாக இருக்கும்படி நிர்ணயிப்பது நடைமுறை. இந்த ஊரில் பொருளாதாரம் படித்து, அதையே சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கு, நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய பலகை அது. பொதுக்கொள்கை பற்றி நாம் தினமும் போடுகிற சண்டைகளில் பாதிக்கு விடை அதிலேயே இருக்கிறது.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையை முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபிலும் ஆந்திரத்திலும் அதற்கு முன்பே இதுபோன்ற சந்தைகள் உண்டு. அடையாள அட்டை பெற்ற விவசாயி, கடைக்கு வாடகை தராமல், தன் விளைச்சலைத் தானே விற்கலாம். அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. ‘இடைத்தரகர் கொள்ளையை ஒழித்தது’ என்பார் ஒருவர். ‘வெறும் அரசியல், விவசாயிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை’ என்பார் மற்றவர்.

இரண்டு பேரும் பலகையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதில் இருக்கிற விலை எங்கே பிறந்தது? மொத்தச் சந்தையான மண்டியில், அதே இடைத்தரகர்கள் கூடிப் பேசுகிற இடத்தில். மண்டி இல்லையென்றால் சந்தைக்கு விலை சொல்ல ஆள் இல்லை. தரகர் வாங்குகிற கமிஷன் முழுக்கச் சும்மா வருகிற காசும் இல்லை. லோடு முழுவதையும் எடுத்துக்கொள்வது, தரம் பிரிப்பது, அழுகினால் நஷ்டத்தைத் தாங்குவது, நடவு நேரத்தில் முன்பணம் கொடுப்பது என்று அவர் செய்யும் வேலைகள் உண்டு. தரகர் விலகினாலும் அந்த வேலைகள் விலகுவதில்லை. வேறொருவர் தலையில் ஏறுகின்றன.

யார் தலையில் என்று கணக்குப் பார்ப்போம். மணிகண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் 40 கிலோ கத்தரிக்காயோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்டியைவிடக் கிலோவுக்கு 6 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், கையில் 240 ரூபாய். அதற்காக அவர் கொடுத்தது அரை நாள். அந்த அரை நாளில் வேறு வேலைக்குப் போனால் 300 ரூபாய் கிடைக்கும் என்றால், சந்தைக்கு வந்ததில் அவருக்கு நஷ்டம். வீட்டில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ வந்து உட்கார முடியுமென்றால் அதே 240 முழு லாபம். அரை ஏக்கரில் கீரையும் வெண்டையும் போடுகிறவருக்கு இந்தச் சந்தை வரம். மூன்று ஏக்கர் வாழை வெட்டுகிறவருக்கு மண்டிதான் வழி. நல்ல திட்டமா, கெட்ட திட்டமா என்ற கேள்விக்கு விடை கிடையாது. யாருக்கு, எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் உண்டு.

சந்தைக்குள் கால் வைக்காதவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் காய்கறிக் கடை வைத்திருப்பவர் சந்தை விலை தெரிந்த வாடிக்கையாளரிடம் இஷ்டத்துக்கு விலை சொல்ல முடியாது. தில்லைநகரில் வீட்டு வாசலில் வண்டிக்காரரிடம் வாங்குகிறவருக்கும் அதனால் பலன். இந்தப் பலன் எந்த விற்பனைக் கணக்கிலும் ஏறாது.

பேருந்து விவகாரமும் இப்படித்தான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகச் சொன்னது. ‘இலவசம் நாட்டைக் கெடுக்கும்’ என்பதும் ‘பெண் விடுதலை’ என்பதும் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. மதியம் இரண்டு மணிக்கு ஸ்ரீரங்கம் போகும் பேருந்தில் காலி இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்தால் கூடுதல் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. காலை எட்டரைக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் படிக்கட்டில் தொங்கும் கூட்டத்தில் அதே ஒருவர் ஏற வேண்டுமென்றால் இன்னொரு பேருந்து வேண்டும். சீட்டுக்குக் காசு வாங்கலாமா என்று மட்டும் பேசினால், அந்த நேரத்துக்குப் போதிய பேருந்து விடுகிறோமா என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது.

மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று யோசிக்காத திட்டத்துக்கு உதாரணம் தேட வெளியூர் போக வேண்டாம். காந்தி மார்க்கெட்டின் நெரிசலைக் குறைக்க, மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் 70 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து வணிக வளாகம் கட்டி, 2017இல் திறந்தார்கள். கடை சிறியது, ஊரைவிட்டுத் தொலைவு என்று வியாபாரிகள் போக மறுத்தார்கள். தனியாக ஒரு வியாபாரி போனால், அவரைத் தேடி வாங்குகிறவர் அங்கே வர மாட்டார். வாங்குகிறவர் வராத இடத்துக்கு வியாபாரி போக மாட்டார். இந்த முடிச்சைக் கட்டடத்தால் அவிழ்க்க முடியாது.

காலக் கணக்கு இன்னொன்று. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது, நியாயமான கேள்விதான். ஆனால் செலவு அந்த ஆண்டிலேயே தெரிந்தது, பலனோ அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு வருவது. 2001 நவம்பரில் சமைத்த மதிய உணவை எல்லா மாநிலங்களும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1982இல் ஒரே ஆண்டு வரவுசெலவை வைத்துத் தீர்ப்பு சொல்லியிருந்தால் சத்துணவுத் திட்டத்தை அன்றே மூடியிருப்போம்.

பொருளாதாரம் என்ற இந்தத் தொழிலை நான் நேசிப்பது இதற்காகத்தான். எந்தக் கட்சிக்கும் இது ஆயுதம் அல்ல. கண்ணில் படாத ஆளையும், கணக்கில் ஏறாத நேரத்தையும் பேச்சுக்குள் கொண்டுவருவதே இதன் வேலை. அதற்குப் பட்டம் தேவையில்லை. அடுத்த முறை டீக்கடையிலோ வீட்டிலோ ஒரு திட்டம் பற்றிப் பேச்சு வந்தால், ஆதரவா எதிர்ப்பா என்று சொல்வதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இது இல்லாவிட்டால் என்ன நடக்கும்? பலன் யாருக்கு, சுமை யாருக்கு? அதே பணத்தில் வேறென்ன செய்யலாம்? உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் இதையே கேளுங்கள். வாக்காளர் கேட்காத கணக்கை எந்த அரசும் தானாக எழுதிக் காட்டுவதில்லை.