மஞ்சள் சூப்

போன மாசியில் மகளுக்குக் கடும் காய்ச்சல். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை என்று தாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனை வாங்கி, "என்ன பிள்ளை வேணும்? சமைச்சுக்கொண்டு வாறன்" என்றேன். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை, ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னாள்: "அந்த மஞ்சள் சூப் வேணும் அப்பா. சின்னனில குடிக்கிறது."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். சூப் என்றால் என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? முப்பது வருடத்துக்கு மேல் பாரிஸ் உணவகக் குசினியில் நின்றவன் நான். அதில் பதினேழு வருடம் சூப்புக்கும் சோஸுக்கும் அடித்தண்ணீர் காய்ச்சியதுதான் என் முக்கிய வேலை.

அடித்தண்ணீர் என்பது நானாக வைத்துக்கொண்ட பெயர். பிரெஞ்சில் 'ஃபோன்' என்கிறார்கள். அடி, அடித்தளம் என்று பொருள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றைத் தனியாகக் காய்ச்சியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஊரில் தீபாவளிக்கு ஆடு அடித்துப் பங்கு போடுவார்கள். எங்கள் பங்கில் வந்த எலும்பு கறியோடு கறியாகவே கிடந்து வேகும். மிஞ்சினால் மல்லி, மிளகு தட்டிப்போட்டு எலும்பு ரசம். சாறு வேறு, சாப்பாடு வேறு என்று பிரித்து, சாற்றை எடுத்துக்கொண்டு எலும்பை எறிவதை அம்மா கண்டிருந்தால் எங்களுக்கு அடி விழுந்திருக்கும்.

1989இல் இங்கே வந்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரையும் போல முதல் வேலை கோப்பை கழுவுவது. பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. முதல் நாள் முதலாளி கையை நீட்டிக் காட்டி "குசின்" என்றார். குசினி என்று விளங்கியது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன அந்தச் சொல் இல்லாவிட்டால் அன்றைக்கு எந்தக் கதவுக்குள் போய் நின்றிருப்பேனோ.

அந்தக் குசினியின் பெரிய சமையற்காரர் அறுபதை நெருங்கிய மனிதர். சத்தம் போடுவார், சட்டியைத் தூக்கி எறிவார். ஆனால் அடித்தண்ணீர் என்று வந்துவிட்டால் பூசைக்கு நிற்கும் ஐயர் மாதிரி ஆகிவிடுவார். இரண்டாம் வருடம் என் கையில் ஒரு அகப்பையைத் தந்து கிடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நுரையை எடு. அவ்வளவுதான் வேலை.

பத்துக் கிலோ எலும்பு. மூட்டெலும்பாகப் பார்த்து வெட்டுவித்து வாங்க வேண்டும். தண்ணீரைக் கட்டியாக்கும் பசை அதில்தான் இருக்கிறது. போறணையில் வைத்துச் செம்மண் நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். கறுத்தால் கசக்கும். வெங்காயம், கரட், கொஞ்சம் தக்காளி விழுது, தைம் கொத்தும் பே இலையும் பார்ஸ்லித் தண்டும் நூலால் கட்டிய ஒரு கட்டு. பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், சுடுதண்ணீர் ஊற்றினால் கலங்கிவிடும். உப்புப் போடவே கூடாது. வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். பிறகு ஏழெட்டு மணித்தியாலம். அந்த நேரம் முழுக்க ஒரே ஒரு சட்டம்: கொதிக்க விடாதே. மேலே ஒரு குமிழி வந்து உடைய வேண்டும், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கொதித்தால் கொழுப்பும் அழுக்கும் தண்ணீரோடு கலந்துவிடும். பிறகு எந்தத் துணியால் வடித்தாலும் தெளியாது. பெரியவர் தூரத்தில் வேறு வேலையில் நிற்பார். கிடாரத்தின் சத்தம் கொஞ்சம் மாறினாலே அங்கிருந்து கத்துவார். அடுத்த நாள் காலை குளிர் அறையிலிருந்து எடுத்தால், கரண்டி குத்தி நிற்கும். அதைப் பார்க்கையில் வருகிற சந்தோசத்தை யாருக்கும் விளங்கப்படுத்தியதில்லை. கோப்பை கழுவுகிறவனுக்குத் தன் கையால் உண்டான ஒரு பொருளைப் பார்க்கக் கிடைப்பதில்லை.

என்ன எலும்பு என்று இன்னும் சொல்லவில்லை. கன்றெலும்பு. இளங்கன்று. நான் சைவ வீட்டுப் பிள்ளை. மச்சம் சாப்பிடுகிறவர்கள்தான், ஆனால் மாடு வாசற்படி தாண்டாது. பட்டிப்பொங்கலுக்குக் கன்றுக்குட்டியின் நெற்றியில் நான் பொட்டு வைத்திருக்கிறேன். இங்கே நாளுக்கு நாலு தரம் அதன் சாற்றைக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் கிழமை துப்பினேன். பெரியவர் கண்டுவிட்டு, "விழுங்காமல் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அம்மா கடிதத்தில் "அங்கை என்ன வேலை தம்பி?" என்று கேட்டிருந்தார். "சமையல்" என்று எழுதினேன். அம்மா போகும்வரை அதற்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை.

ஆகவே நான் கற்ற மிக நல்ல வேலை என் வீட்டுக்குள் வர வழியில்லை. கோழியில் அதே மாதிரிக் காய்ச்சலாம்தான். ஆனால் எப்போது? இங்கே குசினி வேலை இரண்டாகப் பிளந்த வேலை. காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் மூன்று, பிறகு ஆறிலிருந்து இரவு பதினொன்று. நடுவில் மூன்று மணித்தியாலம் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், கால் நீட்டுவார்கள். அடுப்பில் அடித்தண்ணீர் இருந்தால் ஒருவன் நிற்க வேண்டும். அந்த ஒருவன் நான். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை, நம்பிக்கை மட்டும்தான். அந்த நம்பிக்கையில் நான் மயங்கிக் கிடந்தேன் என்று இப்போது தெரிகிறது.

வீட்டில் சூப் கட்டி. பொன்னிறத் தாளில் சுற்றியது. மனுசி கோழிப் படம் போட்ட பெட்டியாகப் பார்த்து வாங்குவார். அவரும் பின்னேரங்களில் கந்தோர்கள் துப்புரவாக்கப் போய்க்கொண்டிருந்தார். ஓய்வு நாளில் அந்தப் பெட்டியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உப்பும் வாசமும்தானே, வேறை என்ன இருக்கு இதுக்குள்ளை?" என்பேன். "அப்ப நீங்கள் வந்து காய்ச்சுங்கோ" என்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

இந்தக் கட்டியின் கதையைப் பின்னாளில்தான் வாசித்தேன். 1880களில் சுவிட்சர்லாந்தில் ஆலை வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை, குடும்பங்கள் சத்தில்லாமல் கிடக்கின்றன என்ற கவலை எழுந்தபோது, யூலியுஸ் மாகி என்ற மாவாலைக்காரர் பருப்பு மாவில் சட்டென்று காய்ச்சும் சூப் செய்யத் தொடங்கியிருக்கிறார். கட்டி வந்தது 1908இல். 1914இல் போர் தொடங்கியதும், அந்தக் கட்டிக்கான விளம்பரப் பலகைகளில் ஜெர்மன்காரருக்கு இரகசியக் குறிப்பு இருக்கிறது என்று கதை கிளம்பி, பிரான்சில் அவற்றைப் பிடுங்கி எறிந்தார்களாம். வெளியிலிருந்து வந்த சாமான், சந்தேகம் வரத்தானே செய்யும். இன்னொன்றும் வாசித்தேன். 'றெஸ்ரோறன்' என்ற சொல்லே முதலில் கடையின் பெயர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் களைத்தவர்களுக்கு விற்ற இறைச்சிச் சாற்றின் பெயர். உடம்பைத் தேற்றுவது என்று பொருள். சாற்றின் பெயர்தான் பிறகு கடைக்கு ஒட்டிக்கொண்டது.

2008இல் எங்கள் கடை கைமாறியது. பெரியவர் அதற்கு முன்பே ஓய்வு எடுத்துவிட்டார். புதிய முதலாளி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். தூள். தண்ணீரில் போட்டு அடித்துக் கொதிக்க வைத்தால் சில நிமிடத்தில் மண்ணிறச் சாறு. சுவைத்துப் பார்த்தேன். மோசமில்லை. அதுதான் கோபம். உதட்டில் ஒட்டாது, மாப்பொருளால் தடித்திருக்கும், கடைசியில் உப்பு நாக்கில் நிற்கும். எனக்குத் தெரிந்தது. வாடிக்கையாளர் ஒருவரும் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வருடம் காத்திருந்தேன், ஒருவராவது கேட்பார்கள் என்று.

2014இல் பிரான்சில் ஒரு விதி வந்தது. பச்சைப் பொருளிலிருந்து உணவகத்திலேயே சமைத்த சாப்பாட்டுக்கு 'வீட்டில் செய்தது' என்று அடையாளம் போடலாம். கூரையை மூடியாகப் போட்ட சட்டிதான் சின்னம். வெளியே வாங்கினாலும் குற்றமில்லாத பொருட்களுக்கு ஒரு பட்டியல் உண்டு: பாண், சீஸ், வெண்ணெய் என்று போகிறது. அதில் அடித்தண்ணீரும் இருக்கிறது. எழுத்தில் அறிவித்துவிட்டால் போதும், வாங்கின சாற்றில் செய்ததும் 'வீட்டில் செய்தது'தான். எங்கள் பலகையின் கீழ் மூலையில் ஒரு வரி எழுதிப் போட்டோம். யாரும் குனிந்து வாசித்ததை நான் காணவில்லை.

வாளி வந்ததால் எனக்கு மூன்று மணித்தியாலம் கிடைத்தது. பின்னேரம் வீட்டுக்கு வரத் தொடங்கினேன். மகளுக்குப் பதினாறு, மகனுக்குப் பதின்மூன்று. அவர்கள் பிந்தித்தான் வருவார்கள். நான் திரும்ப இறங்கும்போது படியில் சந்திப்போம்.

சரி, காய்ச்சலுக்கு வருகிறேன். லா சப்பலில் முட்டைக்கோழி ஒன்றும் கோழிக்கால் அரைக் கிலோவும் வாங்கினேன். விடிய ஐந்து மணிக்கு அடுப்பில் ஏற்றி நாலு மணித்தியாலம் நின்றேன். லீக்ஸ், கரட், கொஞ்சம் இஞ்சி, மிளகு. மஞ்சள் சூப் என்றாளே என்று ஒரு சிட்டிகை மஞ்சளும். மனுசி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். வடித்து, கொழுப்பை எடுத்து, சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, லா கூர்நெவில் ஏழாம் இலக்க மெற்றோ ஏறி, ஒப்பேராவில் எட்டுக்கு மாறி, கிரத்தேயில் இருக்கும் அவளுடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு செற்றியில் கிடந்தாள். கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். அரைவாசி குடித்தாள். "நல்லா இருக்கப்பா" என்றாள். அந்த 'நல்லா இருக்கு' எனக்குத் தெரியும். முப்பது வருடம் தட்டு வைத்தவனுக்கு அது தெரியாமல் போகாது.

"இதில்லையோ பிள்ளை?"

"இது நல்ல சூப் அப்பா. நான் கேட்டது கட்டி போட்டு வைக்கிறது."

"அம்மா வைக்கிறதோ?"

"அம்மா எங்கை வைச்சவ? அம்மா வர எட்டு மணியாகும். நான்தான் வைக்கிறனான்."

பள்ளிக்கூடம் நாலரைக்கு விடும். தம்பிக்கு ஆறு மணிக்கே பசிக்கும். தாய் சோறும் கறியும் மூடி வைத்துவிட்டுத்தான் போவார், ஆனால் அவனுக்குச் சோறு வேண்டாம், சூடாக ஏதாவது வேண்டும். அலுமாரி எட்டாது, கதிரையில் ஏறிக் கட்டியை எடுப்பாளாம். தண்ணீர், ஒரு கட்டி, ஒரு பிடி சேமியா, முட்டை இருந்தால் ஒரு முட்டை. அவளுக்கு எட்டு வயது. 2000ஆம் ஆண்டு. அந்த நேரம் நான் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று வேறு யாருக்கோ வடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"எனக்குச் சொல்லேல்லையே, பிள்ளை."

"நீங்கள் கட்டியைக் கண்டால் பேசுவீங்கள். அதுதான் தாளை எல்லாம் அம்மா காணாமல் குப்பைக்குள்ளை அடியிலை போடுறனான்." சிரித்தாள், சிரிப்பு இருமலானது. பிறகு சொன்னாள்: "எனக்கு ஒருத்தரும் அதை வைச்சுத் தந்ததில்லை அப்பா. ஒருக்கா வேறை ஆராவது வைச்சுத் தந்தா எப்பிடி இருக்கும் எண்டு பாக்கவேணும் போலை இருந்தது."

எழும்பிக் குசினிக்குப் போனேன். இரண்டாம் தட்டில் அதே பொன்னிறத் தாள். அரை லீற்றர் தண்ணீர் வைத்தேன். தாளைப் பிரிக்க விரல் கொஞ்சம் தடுமாறியது. உண்மையில் நான் ஒருநாளும் அதைப் பிரித்ததில்லை. போட்டதும் மஞ்சள் எழும்பிப் பரவியது. பழக்கத்தில் கரண்டி எடுத்துச் சுவைத்தேன். பழக்கத்தில் அடுப்பையும் குறைத்தேன்.

செற்றியில் கிடந்தபடியே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"குறைக்காதேங்கோ அப்பா. நல்லாக் கொதிக்கவேணும், அப்பதான் சேமியா அவியும்."

கூட்டிவிட்டேன்.