மலைத்தமிழும் பாடப்புத்தகமும்

போளூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை ஜமுனாமரத்தூரில் சேர்க்கும். சாமைக் கொல்லை, புளி, பலா என ஜவ்வாது மலை வாழ்க்கை கண்ணெதிரே விரியும். இங்குள்ள 'மலையாளி' பழங்குடியினர் கேரளத்தவர் அல்லர்; மலையில் வாழ்வதால் வந்த பெயர்.

வீட்டில் பேசுவது மலைத்தமிழ். பள்ளியில் பாடப்புத்தகத் தமிழ், கூடவே ஆங்கிலம். 1968 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் இருமொழிதான். ஆனால், இந்த மலைப் பிள்ளைகளுக்கு இரண்டுமே புதுசு. வகுப்பறையை விட்டால் ஆங்கிலம் காதில் விழும் இடமும் குறைவு.

அதனால் எதுவும் நின்றுவிடவில்லை. தமிழ் வழியில் படித்த புலியூர் ஸ்ரீபதி, குழந்தை பிறந்த இரண்டாம் நாள் தேர்வெழுதி, 2024-ல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். அப்போது வயது 23.

பீமன் அருவிக்குப் போகிறவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடமும் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம்.