ஒலிவாங்கியும் நம் கைகளும்

மனிதர் குரலைக் காற்றோடு போகவிடாமல் பிடித்துத் தருவது ஒலிவாங்கி. அது பெருஞ்செல்வர்க்கும் பெருநிலையங்களுக்கும் மட்டுமே உரிய பண்டமென்று நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் ஆராயத்தக்கது.

1878ஆம் ஆண்டில் டேவிட் ஹியூஸ் என்னும் அறிஞர் இலண்டனில் இதன் தத்துவத்தை விளக்கிக் காட்டியது ஆணிகளையும் கரித்துண்டுகளையும் கொண்டேயாம். நம் பினாங்கிலேயே 1930களில் வானொலிச் சங்கமொன்று, ஆர்வலர் முயற்சியால், தமிழ் உட்பட நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த செஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர், மின்னூட்டத்தை நெடுங்காலம் தாங்கும் மெல்லிய படலத்தால் மலிவான ஒலிவாங்கிக்கு வழிகண்டனர். 'எலெக்ட்ரெட்' என்னும் அவ்வகை வில்லை இன்று சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது.

நிற்க. ஆங்கிலப் பள்ளியில் நாம் ஒலியைப் பற்றிய சூத்திரங்களை ஒப்பித்தோமேயன்றி, ஒரு கம்பியை ஈயத்தால் பற்றவைக்கக் கற்றோமில்லை. தோட்டத்துக் கணக்கெழுதி ஓய்ந்த ஞாயிறுகளில், தண்ணீர்மலையிலுள்ள நமது அறையில்தான் அக்கல்வி தொடங்கிற்று. எலெக்ட்ரெட் வில்லை, 9 வோல்ட் பாட்டரி, 2.2 கிலோ ஓம் மின்தடை, ஒரு மின்தேக்கி: உள்ளுறுப்புகள் இவ்வளவே. கூட்டுக்கு வெறும் பால்டின் போதும். மரப்பெட்டியாயின் வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே புகும். டின்னின் உலோகத்தைக் கம்பியின் புறவலையோடு இணைத்தால் அது பெரிதும் அடங்கும். டின் அதிராதபடி உள்ளே பஞ்சு. மூச்சுக்காற்று மோதாதபடி முகப்பில் துணி. பாடுவோர்க்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேர்க்குரல் 6 டெசிபல் அளவு உயரும். சுவரின் எதிரொலியோ அவ்வாறு உயராது. தெளிவின் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

இவ்வளவும் எதற்கு? தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் லயங்களை விட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்த முதியோர், பால்மரம் வெட்டிய நாளில் பாடிய பாட்டுகளிற் பல எழுத்தில் ஏறியவையல்ல. பாடுவோர் மறைந்தால் அவையும் மறையும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் ஒலிபெருக்கிகள் முழங்குகின்றன; இவர்கள் குரலைக் கேட்பார் யார்?

எண்பது கடந்த மூதாட்டியொருவர் நமது கருவியைப் பார்த்து, "என்னா கிராணி, பால்டின்னுக்கா பாடச் சொல்றீங்க?" என்று நகைத்தார். நகைப்பில் கூச்சம் நீங்கித் தாலாட்டொன்றைத் தொடங்கினார். இறந்த மகனின் பெயர் வந்த இடத்தில் குரல் தழுதழுத்து நின்றது. பின்னர் பாடி முடித்தார். அந்த இடைவெளியும் பதிவாயிற்று.

ஆகவே, நமது சங்கங்களும் வாலிபர் மன்றங்களும், விழாவுக்கு ஒலிபெருக்கி அமர்த்தும் செலவில் சிறு பகுதியை ஒதுக்கி, ஊருக்கு ஒரு கருவியேனும் செய்து, முதியோர் குரலை இவ்வாண்டிலேயே பதியத் தொடங்குவார்களாக.