மார்பும் மார்பகமும்

தமிழிலே ஆணுக்கு இருப்பது மார்பு. பெண்ணுக்கு இருப்பது மார்பகம். இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு என் அம்மானின் உயிருக்கே உலைவைக்கப் பார்த்தது என்றால், மிகைப்படக் கூறுவதாகவே பலரும் கருதுவர்.

அம்மான் வலிகாமத்திலே தமிழாசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு ஆண்கள் மேலாடை களைந்தே செல்லல் வேண்டும். 2016 ஆம் ஆண்டுத் திருவிழாவிலே, சால்வையை இடுப்பிற் கட்டி நின்ற அவருடைய இடது முலைக்காம்பு உள்ளிழுபட்டிருந்ததைக் கண்டேன். வீடு திரும்பிய பின் வினவினேன். அதன் கீழே கடினமானதொரு கட்டி இருந்தது, நோவில்லை. "உது வெறுங் கொழுப்புக் கட்டி, தம்பி. உதுக்கெல்லாம் ஆசுப்பத்திரிக்குப் போறதே?" என்றார். கட்டி தோன்றி ஓராண்டு கழிந்திருந்தது.

அவரைத் தடுத்தது அச்சமன்று, நாணமே. ஆயிரம் பேர் நடுவே திறந்து நின்ற மார்பினை ஒரு வைத்தியருக்குக் காட்ட அவர் கூசினார். ஆணின் முலைக்காம்பின் கீழும் சிறிதளவு மார்பக இழையம் உண்டு. மார்பகப் புற்றுநோயாளர் நூற்றுவருள் ஏறத்தாழ ஒருவர் ஆண். இழையம் சிறிதாதலின் கட்டி கைக்கு எளிதில் அகப்படும். அதே காரணத்தால் அது தோலையும் தசையையும் விரைவில் எட்டிவிடும்.

சத்திரசிகிச்சை முடிந்தபின் தெல்லிப்பழைக்குச் சென்றோம். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தோர் திரட்டிய நிதியால் எழுந்து, 2013 இல் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை அது. பெண்கள் நிறைந்த வாங்கிலே அம்மான் அமர்ந்திருந்தார். மனைவிக்குத் துணையாக வந்தவரென்றே அயலில் இருந்தோர் எண்ணினர். பெண்களுக்கு வழங்கும் தமொக்சிபன் குளிசையே அவருக்கும் வழங்கப்பட்டது.

நோய் ஒருவரோடு முடிவதன்று. 1995 இல் இனங்காணப்பட்ட பி.ஆர்.சி.ஏ.2 எனும் பரம்பரையலகில் தந்தைக்குக் குறையிருப்பின், அது மகனுக்கோ மகளுக்கோ செல்லும் வாய்ப்புச் சரிபாதி. இதனை அறிந்த அன்றே அம்மான் தம் இரு புதல்வியரையும் அழைத்து யாவற்றையும் கூறினார். "என்ரை வெக்கத்தைப் பிள்ளையளுக்குச் சீதனமாக் குடுக்கேலாது" என்றார்.

மறு ஆண்டும் நல்லூருக்குச் சென்றோம். சால்வையால் தழும்பை மறைப்பாரென எண்ணினேன். அவர் அதனை வழமைபோல இடுப்பிலேயே கட்டினார். அருகில் நின்ற முதியவர் ஒருவர் தழும்பைச் சுட்டிக் காரணம் கேட்டார். அம்மான் தயங்காது, "மார்பகப் புற்றுநோய்" என்றார்.