பிடுங்காமல் விட்ட பல்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்லையே பிழைப்பாகக் கொண்டிருந்தும், இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னர் என் கீழ்க் கடைவாய்ப் பல்லொன்றை வற்புறுத்திப் பிடுங்குவித்தவன் நான். இரவுக் கடமையில் கராம்பை வாயில் அடக்கியபடி செய்தி திருத்திய வேதனை அப்படிப்பட்டது. "காப்பாற்றலாம்" என்று வைத்தியர் சொன்னது காதில் ஏறவில்லை. "செத்த பல் உடம்பைக் கெடுக்கும்" என்ற அம்மாவின் வார்த்தைதான் ஏறியது. நாளடைவில் அயற்பல் அந்த இடைவெளிக்குள் சரிந்தது. நேர்மேலே இருந்த பல் கீழிறங்கியது. அந்தப் பக்கத்தால் மெல்லும் சுகமும் போயிற்று.

அம்மாவை மட்டும் குறைகூற முடியாது. 1910 ஆம் ஆண்டில் மொன்ட்ரியலில் வில்லியம் ஹண்டர் என்ற பிரித்தானிய வைத்தியர் ஆற்றிய உரைக்குப் பின்னர், பல்லில் தங்கும் கிருமிகளே உடலின் பல நோய்களுக்கும் காரணம் என்ற கருத்து மேலைநாடுகளில் வலுப்பெற்றது. காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ பற்கள் பிடுங்கப்பட்டன. பிந்திய ஆய்வுகளில் அக்கருத்து நிலைக்கவில்லை. 1963 இல் அமெரிக்கப் பல்வைத்தியச் சங்கம் வேர்க்கால்வாய் சிகிச்சையைத் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றுக்கொண்டது.

சென்ற வருடம் மறுபக்கத்துப் பல் வலிக்கத் தொடங்கியபோது, அத்துறையில் பயிற்சி பெற்ற வைத்தியர் ஒருவரிடம் சென்றேன். "பழுதானது பல்லின் நடுவேயுள்ள மென்மையான இழையம். அதை எடுத்தால் போதும். வேரைச் சுற்றியுள்ள சவ்வு உயிரோடுதான் இருக்கிறது, ஐயா" என்றார்.

விறைப்பு ஊசி போட்டு, எச்சில் புகாதபடி மெல்லிய இறப்பர் தாளை மாட்டி, மயிரிழை போன்ற அரங்களால் வேர்க்கால்வாய்களைச் சுத்தஞ்செய்தார். ஊசி குத்தியதைத் தவிர வேறு வலியில்லை. அடுத்த முறை கட்டாபேர்ச்சா என்ற மரப்பாலால் நிரப்பினார். 1851 இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் இதுவே. செய்தியைக் கடல் கடத்திய பொருள் பத்திரிகைக்காரனின் பல்லுக்குள் வந்து சேர்ந்தது!

வலி நின்றதும் பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். கடைவாய்ப் பல்லுக்கு மேலுறை இடாவிட்டால், மெல்லும் அழுத்தத்தில் அது பிளந்துபோகலாம். செலவைப் பாராமல் நானும் இட்டுக்கொண்டேன். நேற்று அந்தப் பல்லாலேயே பருத்தித்துறை வடை கடித்தேன்.

எல்லாப் பற்களையும் காப்பாற்ற இயலாது. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் பிடுங்கத்தான் வேண்டும். அதை எக்ஸ்ரே எடுத்து, சோதித்துப் பார்த்து வைத்தியர் சொல்லட்டும். என்னைப்போல வலியின் நடுவே நீங்களே தீர்ப்பெழுதிவிடாதீர்கள்.