ஒட்டி ஓடுவது வேறு, ஒத்துப்போவது வேறு

புதுச்சத்திரத்தில் பால் ஊற்றும் சித்தப்பா கேட்டார்: "மிஷின்ல ஃபேட் 3.9ங்குது. ஆசிட் ஊத்திப் பார்த்தா 4.2 வருது. எதைக் கண்ணு நம்பறது?"

ஆசிட் என்றால் கெர்பர் முறை. 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால். குலுக்கும்போது குழாய் கையைச் சுடும். சுழற்றி எடுத்தால் கழுத்தில் மஞ்சளாய்க் கொழுப்பு நிற்கும்.

இரண்டையும் ஒப்பிட, அவை எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு போட்டுப் பார்ப்போம். 0.99 வந்தால் குஷி! ஆனால் மிஷின் எப்போதும் 0.3 குறைத்தே காட்டினாலும் கெழு 1தான் வரும். நஷ்டம் பால் ஊற்றுகிறவருக்கு.

1986இல் லான்செட் இதழில் புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் எளிய வழி சொன்னார்கள். ஒரே பாலை இரண்டிலும் பார். பசும்பால், எருமைப்பால் என்று பல மாதிரிகள் எடு. ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் எழுது. சராசரி வித்தியாசத்துக்கு இருபுறமும் அந்த வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தைப் போல் 1.96 மடங்கு போட்டால், ஏறக்குறைய 95% வித்தியாசங்கள் அதற்குள் அடங்கும்.

அந்த அகலம் பொறுக்கத்தக்கதா? அதைக் கணக்கு சொல்லாது. ஊற்றுகிறவரும் வாங்குகிறவரும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியது அது.

சித்தப்பா சிரித்தார்: "அப்ப மொதல்ல ஒரு நோட்டு வாங்கிக் குடு கண்ணு."