உள்ளேயா, வெளியேயா?

ஆட்டுக்கல்லைத் தரையில் பதிப்பதா, மேஜைமேல் வைக்கிற கிரைண்டர் வாங்குவதா என்று எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. அதற்கு அடுத்தபடியான பட்டிமன்றம், டி.வி.டி. ரைட்டர் வாங்கும்போதுதான்!

"இந்தக் காலத்தில் சி.டி.யா? பென் டிரைவ் போதாதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எங்களுக்கு வந்த தேவை அம்மாவின் உடம்பை ஒட்டியது, சகோதரிகளே. அம்மாவுக்கு ஆஞ்ஜியோகிராம் எடுத்தபோது, படத்தை சி.டி.யில் பதிந்து கொடுத்தார்கள். இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியும், "எனக்கும் ஒரு காப்பி அனுப்புக்கா, இங்கே காட்டறேன்" என்றான். இருப்பதோ ஒரே ஒரு தகடு. அதில் கீறல் விழுந்தால் மறுபடி அம்மாவைப் படுக்க வைத்துக் குழாய் விடவா முடியும்?

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மேஜைக் கம்ப்யூட்டரின் டிரைவ் தட்டு திறந்து பல வருஷம் ஆகிறது. என் பெண்ணின் லாப்டாப்பிலோ அந்தத் தட்டே கிடையாது. அம்மா இருப்பது பூந்தமல்லியில், அண்ணன் வீட்டில். ஆக, மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரப் பையன் எடுத்த எடுப்பில், "உள்ளே மாட்டறதா, வெளியே வைக்கறதாக்கா?" என்றான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நின்று நிதானமாகக் கேட்டுக்கொண்டேன்.

உள்ளே மாட்டுவது சி.பி.யு. பெட்டிக்குள் அடங்கிவிடும். சாட்டா என்கிற ஒயர் ஒன்று தகவலுக்கு, இன்னொன்று மின்சாரத்துக்கு. மிகப் பழைய கம்ப்யூட்டராக இருந்தால் ரிப்பன் மாதிரி பட்டையான ஒயர் இருக்கும். அதற்குப் புது டிரைவ் பொருந்தாது. வாங்குமுன் பெட்டியைத் திறந்து பார்ப்பது அவசியம். விலை குறைவு, வேகம் அதிகம், மேஜையில் இடம் அடைக்காது.

வெளியே வைப்பது ஒரு சிறிய டிபன் தட்டு அளவுதான். யு.எஸ்.பி. ஒயரைச் செருகினால் போதும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். விலை கொஞ்சம் கூடுதல், வேகம் குறைவு. உள்ளே மாட்டுவது டி.வி.டி.யை 16 மடங்கு, 24 மடங்கு வேகத்தில் எழுதும் என்றால், இது 8 மடங்கு. 4.7 ஜி.பி. கொள்ளும் டி.வி.டி. முழுவதும் எழுத அதில் ஐந்தாறு நிமிஷம், இதில் எட்டுப் பத்து நிமிஷம். குக்கர் இரண்டு விசில் கூடுதலாக விடும் நேரம், அவ்வளவுதான்! 700 எம்.பி. சி.டி.க்கு அந்த வித்தியாசமும் தெரியாது.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீடியோவை டஜன் கணக்கில் எழுதித் தந்தவர். "எனக்கு உள்ளே மாட்டறதுதாம்மா சரி. ஒரே மேஜை, நாள் பூரா வேலை. உங்களுக்கு அப்படியா?" என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. வேகத்தையும் விலையையும் பார்ப்பதைவிட, எந்த இடத்தில், யார் கையில் அது பயன்படப் போகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே மாட்டினால் அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் சொந்தம். எங்களுக்கோ அம்பத்தூர், பூந்தமல்லி, டாக்டரின் அறை என்று மூன்று இடம். வெளியே வைப்பதையே வாங்கினேன்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. சி.டி. எழுதும்போது நடுவில் கரண்ட் போனால் அந்தத் தகடு பாழ். லாப்டாப்பில் பாட்டரி இருப்பதால் இந்தச் சின்ன ரைட்டரும் அதிலேயே ஓடும். பூந்தமல்லியில் எழுதிக்கொண்டிருந்தபோது ஃபேன் நின்றுவிட்டது. அம்மாவின் சி.டி. நிற்கவில்லை!

டாக்டரிடம் லாப்டாப்பையும் ரைட்டரையும் சேர்த்தே எடுத்துப் போனோம். சில இடங்களில் தங்கள் கம்ப்யூட்டரில் வெளிக் கருவியைச் செருக விடமாட்டார்கள். அவர் படத்தை நிறுத்தி, ஓட்டி, மறுபடி நிறுத்திப் பார்த்தார். "முதலில் பார்த்தவர் சொன்னது சரிதான். பயப்படாம மாத்திரையைத் தொடருங்க" என்றார். பத்து நாளாக யாரிடமும் சரியாகப் பேசாத அம்மா, அன்று சாயங்காலம் தானே காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நீங்களும் வாங்குவதானால் சில குறிப்புகள்:

யு.எஸ்.பி. 2.0 துளை அரை ஆம்பியர் மின்சாரம்தான் தரும். ரைட்டர் திணறினால், இரண்டு தலை உள்ள ஒயர் கேளுங்கள், அல்லது 0.9 ஆம்பியர் தரும் 3.0 துளையில் செருகுங்கள். பல துளை உள்ள ஹப்பில் செருக வேண்டாம். மேஜைக் கம்ப்யூட்டரானால் பின்பக்கத் துளையே நல்லது.

ஸ்கேன் சி.டி.யில் ஒரு படத்தை மட்டும் எடுக்காமல், உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுங்கள். படத்தைத் திறந்து காட்டும் புரோகிராமும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய சி.டி.-ஆர் தகடு வாங்கினால், யாரும் தவறுதலாக அழிக்க முடியாது. எழுதி முடித்ததும் 'வெரிஃபை' கொடுத்துச் சரிபாருங்கள்.

தகட்டின் மேல் பால்பாயின்ட் பேனா வேண்டாம், சி.டி.க்கான மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதுங்கள். வெயில் படாமல் உறையில் வையுங்கள். தகடு என்றைக்கும் நிலைக்கும் என்று நம்பாமல், பென் டிரைவிலும் ஒரு பிரதி இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, மருந்துச் சீட்டு ஃபைலை அடுக்கும்போது, இரண்டும் திறக்கிறதா என்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.